கங்கா படம் பார்த்த மத்தியானம்

"கங்காவா? பாவம், ரொம்பப் பொறுமைசாலி" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். கங்கா பொறுத்த பொறுமைக்கு இந்நேரம் சிலாங்கூர் மாநிலத்தையே அவள் பேரில் எழுதி வைத்திருக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்ததோ பெஸ்தாரி ஜெயாவில் ஒரு மலிவு விலை வீடும், நின்று நின்று வந்த கால் வீக்கமும்தான்.

நானும் அவளும் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள். போக வர என்னுடைய மைவி கார்தான். அதனால் அவள் கதை எனக்கு மனப்பாடம். அதில் எந்த இடத்தில் பெருமூச்சு விடுவாள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் சிவநேசன் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். மகள் ஷாமளா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் காலையில் "டயர் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். லோரி தோட்டத்து முனையில் சாவியோடு நின்றது. ஆளைக் காணவில்லை. வீட்டில் சண்டை இல்லை, வெளியில் கடன் இல்லை, வேறொருத்தி இருந்தாள் என்று சொல்லவும் ஆளில்லை. போலீஸ் நாயைக் கொண்டுவந்து செம்பனை வரிசைக்குள் விட்டது. நாய் பெரிய கால்வாய் வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு விசாரணையும் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. பாகான் நக்கோடா ஓமாரில் மீன் இறக்குகிறான் என்றார் ஒருவர். சுங்கை பஞ்சாங்கில் நெல் லோரி ஓட்டுகிறான் என்றார் இன்னொருவர். கெர்லிங் பக்கம் ஒரு கோயிலில் தாடியும் மீசையுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு சேதி. ஒவ்வொரு முறையும் கங்கா பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவாள். அங்கே வேறு எவனாவது இருப்பான். கெர்லிங் தாடிக்காரர் இவளுக்குத் திருநீறு பூசிவிட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டாராம். இவளும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இப்படியே பிள்ளை வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய், போன வருஷம் கல்யாணம் கூடியது. நல்ல பையன், நல்ல குடும்பம். பத்திரிகை அடிக்கிற நேரத்தில்தான் பிரச்சினை வந்தது.

பத்திரிகையில் பெண்ணைப் பெற்றவர் பெயர் போட வேண்டும். சிவநேசனுக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'அமரர்' போடுவதா?

சம்பந்தியம்மாள் தங்கமான மனுஷிதான். அவளே வீட்டுக்கு வந்து, "கங்கா, எங்களுக்கு ஒன்னும் இல்ல லா. திருன்னு போட்டாலும் சரி, அமரர்னு போட்டாலும் சரி. ரெண்டுல ஒன்னு போட்டுருங்க. சொந்தக்காரங்க கேப்பாங்க" என்றாள்.

"பேரே போடாம விட்டுட்டா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அப்பன் பேரு இல்லாத பத்திரிகையா? வேற வினையே வேணாம்" என்றாள் சம்பந்தியம்மாள்.

என் ஓட்டு 'திரு'வுக்கு. அமரர் என்று போட்ட அடுத்த நிமிஷமே கங்கா எதற்கும் ஆகாதவளாகிவிடுவாள். ஆரத்தித் தட்டை அவளுடைய ஓரகத்தி பிடுங்கிக்கொள்வாள். இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகப் பாடுபட்டு வளர்த்த பெண்ணின் கல்யாணத்தை, பெற்றவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் திரு போடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"திரு எங்கன்னு வாசல்ல கேட்டா?" என்றாள் கங்கா.

"உடம்புக்கு முடியலன்னு சொல்லு."

"பொய் சொல்லியா எம்மகளுக்குத் தாலி ஏறணும்?"

"அப்ப அமரர்னே போட்டுத் தொலை!"

"நெஜமாவே உயிரோட இருந்து திரும்பி வந்துட்டாருன்னா? அந்தப் பத்திரிகைய அவரு கண்ணுல காட்ட முடியுமாடி?"

இவளோடு என்ன பேசுவது? கோல சிலாங்கூரில் அச்சகம் வைத்திருக்கும் அஸீம், நல்ல பையன், வாரம் தவறாமல் போன் செய்தான். "அக்கா, மத்ததெல்லாம் ரெடிக்கா. அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லுங்க, ஓட்டிடுறேன்." கங்காவின் பதிலும் மாறவில்லை. "படம் ரிலீஸ் ஆவட்டும் தம்பி. சொல்றேன்."

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தாலே எனக்குத் தலைவலி.

புவனேசன் என்று ஒரு பையன். வெளிநாட்டில் போய் சினிமா படித்தவன், ஒல்லி உடம்பு, யாரிடமும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். சிவநேசன் காணாமல் போனதை எங்கேயோ கேள்விப்பட்டு, அதைப் படமாக எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றான். சும்மா வந்து நிற்கவில்லை. இரண்டு வருஷமாகக் கையில் ஒரு ரெக்கார்டரோடு அலைந்தான். தோட்டத்தில் வேலை வாங்கிய பழைய மண்டோரைக் கேட்டான், ஓய்வு பெற்ற போலீஸ்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டான், பாகான் நக்கோடா ஓமாருக்குத் தானே போய் மீனவர்களைக் கேட்டான். கங்கா வீட்டிலேயே சாப்பாடு. அன்றைக்கு அவர் என்ன சட்டை, பசியாறினாரா, செருப்பா, பூட்ஸா, எல்லாம் கேட்டுக்கொண்டான். போலீஸ் கேட்காத கேள்வியையெல்லாம் இவன் கேட்டான். அதில்தான் கங்கா விழுந்தாள். இவ்வளவு கேட்டவனுக்கு விடை தெரியாமலா இருக்கும்?

ஒருநாள் அவனிடமே கேட்டும்விட்டாள். "தம்பி, அவரு எங்க போனாருன்னு தெரிஞ்சிருச்சா?"

அவன் சிரித்துவிட்டு, "எல்லாம் படத்துல இருக்குக்கா" என்றான்.

பெரிய மனுஷனாட்டம் அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவள் உட்கார்ந்துவிட்டாள். படமோ எங்களிடம் வருவதாக இல்லை. முதலில் வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது. ஏதோ ஒரு குளிர் தேசத்தில் பரிசுகூடக் கொடுத்தார்கள். "சிவநேசன் எங்க போனாருன்னு வெள்ளைக்காரனுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, கட்டுன பொண்டாட்டிக்கு மட்டும் தெரியல" என்று நான் காரில் கத்தினேன். கங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒருவழியாக இங்கேயும் ரிலீஸ் ஆனது. ரவாங்கில் ஒரே ஒரு அரங்கம், அதுவும் சனி, ஞாயிறு மத்தியானம் மட்டும். படத்துக்குப் பெயர் 'நீர்க்குறி'. என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அதை நீங்க உணரணும்க்கா" என்றான் புவனேசன். எனக்கு ஒன்றும் உணர்வில் தட்டவில்லை.

சுவரொட்டியில் 'மர்மம்' என்று போட்டிருந்ததால் எங்கள் தாமான் குடியிருப்பே கிளம்பிவிட்டது. கோயில் செயலாளர் நாராயணசாமி பஸ் பிடித்துக் கொடுத்தார். முறுக்கும் கச்சான் கடலையும் கைக்குழந்தையுமாக அரங்கம் நிரம்பியது. கங்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஷாமளா வரவில்லை. "எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல அத்த, நீங்க போய்ட்டு வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

படம் ஆரம்பித்தது. பனி. செம்பனை மரம். மறுபடியும் பனி. ஒரு லோரி நிற்கிறது. நிற்கிறது என்றால் நின்றுகொண்டே இருக்கிறது. "டேய், யாராவது லோரிய எடுங்கடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். ஓர் உடும்பு ரோட்டைக் கடந்தது. அது கடந்து முடிப்பதற்குள் என் முறுக்கு தீர்ந்துவிட்டது. பிறகு கனவு வந்தது. அல்லது அதுவரை வந்ததுதான் கனவோ என்னவோ. ஆற்றங்கரை மரத்தில் மின்மினி, அதற்குக் கீழே முகம் தெரியாத ஒருவன். யார், எவன், ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவான்? நாராயணசாமி குறட்டை விட ஆரம்பித்தார். குழந்தை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

கங்கா மட்டும் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் அவனைத் தேடினாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் படத்தின் மேல் வந்த கோபம் புவனேசன் மேல் போய், அங்கிருந்து செத்தானோ இருந்தானோ என்று தெரியாத அந்த சிவநேசன் மேல் போய் நின்றது.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. கங்காவாக நடித்த பெண் தோட்டத்து லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மூடி வைத்த சோற்றுத் தட்டு. பாதையைப் பார்க்கிறாள். கேமரா அசையவில்லை, அவளும் அசையவில்லை. ஒரு கோழி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வெயில் சாய்கிறது. அந்தப் பெண்ணின் தலைமுடியில் கொஞ்சம் நரை வைத்திருக்கிறார்கள். இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். அரங்கத்தில் ஆளாளுக்கு நெளிந்தார்கள்.

"எவ்ளோ நேரம்டி இப்படியே உக்காந்திருப்ப?"

கங்காவின் குரல். அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை.

"எந்திரிடி! எந்திரிச்சுப் போயி வேலையப் பாரு! அவன் வர மாட்டான்!"

அரங்கமே சிரித்தது. நாராயணசாமி திடுக்கிட்டு எழுந்தார். நானும் சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். கங்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. எனக்குச் சிரிப்பு போய் அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது.

படம் முடிந்தது. அதாவது, திரை கறுப்பாகிவிட்டது. விளக்கு போட்டதும் புவனேசன் மைக்கோடு முன்னால் வந்து, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றான். எங்கள் ஆட்கள் நாகரிகமாகக் கைதட்டிவிட்டு, கழிவறை எந்தப் பக்கம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கங்கா எழுந்தாள்.

"தம்பி, படம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"அவரு எங்கன்னு வரவே இல்லையே."

புவனேசன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அதை நான் ஓப்பனா விட்டிருக்கேன்க்கா. படம் பார்க்கறவங்கதான் முடிவு பண்ணிக்கணும்."

"அப்ப ஒனக்கும் தெரியாது."

"தெரியாதுக்கா."

இரண்டு வருஷம் இவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அந்த நாலெழுத்தைச் சொல்ல இவ்வளவு நாளாயிற்று. முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கிக் கிளம்பினேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றிருந்தேன். கங்கா என் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவனைப் பார்த்து, "மெலிஞ்சு போய்ட்டியே தம்பி, சாப்பிட்டியா?" என்றாள். இவளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வரும் வரை நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அந்தப் பையனைத் திட்டினேன், பரிசு கொடுத்தவர்களைத் திட்டினேன். கங்கா மைவியின் பக்கத்தில் நின்று போனை எடுத்தாள். அஸீமைத் தேடி அழுத்துகிறாள் என்று தெரிந்ததும் திட்டுவதை நிறுத்தினேன்.

"அடியே, யோசிச்சுப் பண்ணு. அமரர்னு போட்டா ஒன்ன மேடையில ஏத்த மாட்டாங்கடி."

"என்னைய யாரு ஏத்தணும்? நான் பெத்த பொண்ணு. நானே ஏறுவேன்."

"ஆரத்தி?"

"தட்டப் புடிக்க ரெண்டு கை இருக்குடி எனக்கு. ஓரகத்திக்கு வேணும்னா அவ தனியா ஒரு தட்டு எடுத்துட்டு வரட்டும்."

தொழிற்சாலை இரைச்சலில் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் நானும் கேட்டேன்.

"அஸீம் தம்பி, பத்திரிகைய ஓட்டிருங்க. அமரர் சிவநேசன்னு போடுங்க."

அந்தப் பக்கம் அச்சு இயந்திரத்தின் சத்தம் நின்றது. "அல்லாவே... எப்பக்கா சேதி வந்துச்சு?"

கங்கா கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பட்டுச்சேலை மாட்டிக்கொள்ளாமல் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"இப்பதான், தம்பி."