அப்பன் வீட்டுக் கடல்

என் மனைவியின் தமையனோடு நான் கதைப்பதில்லை. "ஒரு மீனுக்காகவோ?" என்று மனைவி இன்றும் சண்டைக்கு வருகிறாள். ஓம், ஒரு மீனுக்காகத்தான்.

அன்று மத்தியானம் எங்கள் ஒஸ்லோ வீட்டில் சாப்பிட்டபடி அவன் கொதித்துக்கொண்டிருந்தான். கடலடியை வழித்தள்ளுகிற இழுவைமடி போடக் கூடாது என்று மீனவர் சங்கம் கட்டுப்பாடு வைத்திருக்கிற கடல், நாட்டிலுள்ள அவர்களுடைய ஊர்க் கடல். அங்கே இழுவைமடி போடுகிற இந்திய றோலர்ப் படகு ஒன்று வந்து அவனுடைய தம்பியின் வலையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. தம்பி கத்தியதற்கு, "கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று றோலர்காரன் கேட்டானாம்.

"ஊர் கூடி வைச்ச கட்டுப்பாட்டை மதியாத உவங்களைக் கட்டிவைச்சு அடிக்கவேணும்" என்றான். நானும் தலையாட்டினேன்.

பின்னேரம் ஒஸ்லோக் கடற்கரையில் இருவரும் தூண்டில் போட்டோம். அவனுக்குக் கொட் மீன் ஒன்று மாட்டியது. இந்தக் கடலில் கொட் அருகிவிட்டது. மாட்டினாலும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அது தெரிந்துதான் மீனை வாளியில் போட்டு, ஜாக்கெட்டால் மூடினான்.

"விடு மச்சான்."

"ஒரு மீன்தானே! ஆர் பாக்கப் போகினம்?"

"நான் பாக்கிறன். விடு."

அவன் முகம் கறுத்தது. "கடல் என்ன உன்ரை அப்பன் வீட்டுச் சொத்தே?"

வாளியைப் பறித்துக் கடலில் கவிழ்த்தேன். தான் என்ன சொன்னான் என்பது அவனுக்கு உறைக்கவேயில்லை. தம்பியின் வலையை அறுத்தவனே நான்தான் என்பதுபோல, கரை முழுக்கக் கேட்க என்னை ஏசினான்.