சுவரை உலர்த்திய நாள்

அந்த ஐப்பசியில் காலையில் எழுந்ததும் நான் முதலில் சுவரைப் பார்ப்பேன். பிறகு என் மனைவியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். சுவரில் ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுவேன். அவள் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறாள் என்று எண்ணி, காலண்டர் தாளில் குறிப்பேன். மழை தொடங்கிய வாரம் பதினெட்டு. பத்தாம் நாள் இருபத்து நான்கு. அதே பத்து நாளில் ஈரம் ஒன்பது விரற்கடை ஏறியிருந்தது.

"அந்த ரூம்ல படுக்க வெக்காதீங்க சார். பூஞ்சக் காத்து இவங்களுக்கு ஆகவே ஆகாது" என்றார் டாக்டர். வீட்டில் படுக்க இருப்பதே அந்த ஓர் அறைதான். கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவதாக ஆள் நடக்க முடியாது.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் அந்த வாடகை வீடு. கீழே நாங்கள், மாடியில் வீட்டுக்காரர். ஐம்பது வயதுக்காரர். ப்யூஸ் கேரியரும் பொம்மையும் செய்கிற சிறு பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் உலகத்தில் எல்லாவற்றையும் பீங்கானாகவே பார்ப்பார். முந்தைய வருஷம் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்தபோது, தரையிலிருந்து ஐந்து வரிசைக்கு டைல்ஸ் ஒட்டினார். வரிசைக்குப் பதினான்கு, மொத்தம் எழுபது. "பளபளன்னு கிளேஸ் பூச்சு போட்டதுல தண்ணி பூராது சார். இனிமே அந்தக் கவலையே வேணாம்." கோடை முழுக்க அறை பளபளவென்று இருந்தது. மழை வந்ததும் ஈரம் ஐந்தாவது வரிசைக்கு மேலே தலை காட்டியது. அலமாரியில் மடித்து வைத்த புடவை, என் பெல்ட், செருப்பு, எல்லாவற்றிலும் சாம்பல் பூத்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஏழு தடவை துடைத்தேன். ஒவ்வொரு தடவையும் நான்காம் நாள் திரும்ப வந்தது.

வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினேன். அவர் விரலால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"இன்னும் மூணு வரிசை ஏத்திட்டா செட்டாயிடும் சார். ஆனா இப்ப ஒட்டக் கூடாது. பச்சப் பொம்மய அப்படியே சூளையில வெச்சா வெடிச்சிடும். மொதல்ல காயணும். செவுரும் அப்படித்தான்."

"மழையில எப்படிக் காயும்?"

"காய வெப்போம். ஒரு சட்டி கரி மூட்டி நடுவுல வெச்சு, கதவ சாத்திடுவோம். ஒரு மணி நேரம். எங்க பட்டறையில மழக்காலத்துல அப்படித்தான் பண்றோம்."

மூடிய அறையில் கரி எரிந்தால் என்ன ஆகும் என்பதை வகுப்பில் முப்பத்தொரு வருஷம் நடத்தியவன் நான். புகை இல்லாவிட்டாலும் அந்தக் காற்று ஆளைக் கொல்லும் என்று சொன்னேன். "நாம யாரு சார் உள்ள இருக்கப் போறோம்? செவுரு மட்டும்தான இருக்கப் போவுது" என்றார். உண்மையில், எனக்கும் அந்தக் கோடு இறங்க வேண்டும் என்றிருந்தது.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு இரும்புச் சட்டியில் கங்கு கொண்டுவந்து வைத்தார். ஜன்னலைச் சாத்தினோம். கூடத்துப் பக்கக் கதவின் அடியில் நான் சாக்கைத் திணித்தேன். கொல்லைப் பக்கக் கதவை வெறுமனே சாத்தி வைத்தோம். மனைவியை மாடிக்கு, வீட்டுக்காரரின் மனைவியிடம் அனுப்பினோம். "காத்து பூந்துச்சின்னா எல்லாம் வீணு" என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னது நான்தான். வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனார். நான் வாசலில் நாற்காலி போட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டாவது நிமிஷம் மாடியிலிருந்து குரல் வந்தது.

"சார், அம்மா கீழ வந்தாங்களா?"

"இல்லியே. அங்கதான இருக்காங்க?"

"இல்லிங்க சார். ஏறி வந்ததுலயே இளைப்பா இருக்குதுன்னு ஒக்காந்திருந்தாங்க. டீ போட்டு எடுத்தாறதுக்குள்ள காணும்."

மாடிப்படி கொல்லைப் பக்கம், பத்தொன்பது படி. அவள் அதை ஏறுவதில்லை. அன்று நான் ஏற வைத்தேன். மூச்சு முட்டியதும், இளைப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பை இடுப்பில் தேடியிருக்கிறாள். அது கட்டிலில் தலையணைக்கு அடியில் இருந்தது.

சாக்கை இழுத்தெறிந்து கதவைத் தள்ளினேன். அனல் முகத்தில் அடித்தது. கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பம்ப் கையில் இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கொல்லைப் பக்கக் கதவைப் பார்த்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. காற்று புகுந்துவிடக் கூடாது என்று அவளே போட்டிருக்கிறாள்.

என்னால் தனியாக இழுக்க முடியவில்லை. அதற்குள் வீட்டுக்காரரின் மனைவி ஓடி வந்தார். "கால நீங்க புடிங்க சார், கால புடிங்க" என்று அவர் தோளைத் தூக்க, இருவருமாக வாசலுக்குக் கொண்டுவந்தோம். நான் அவள் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றில் எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி தொடங்கினேன், மறுபடியும் விட்டுப்போனது. "எண்ணாதீங்க சார், ஆட்டோவ கூப்பிடுங்க" என்று அந்த அம்மாள் அதட்டிய பிறகுதான் எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். முதல் நாள் தலைவலி, வாந்தி. இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து கட்டிலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மூக்கிலிருந்த குழாயைச் சற்றே விலக்கினாள்.

"நான் வெந்துட்டனா, இன்னும் பச்சயாத்தான் இருக்கனா?"

அவர் சிரிக்கவில்லை. "என்ன மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"நீங்க மட்டும் எதுக்குக் கேக்கறீங்க? கதவுக்கு சாக்கு வெச்சவரயும் கேக்கச் சொல்லுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் அவர் உளியும் சுத்தியலுமாக அந்த அறையில் இறங்கியிருந்தார். எழுபதில் ஒன்பதுதான் உடையாமல் வந்தன. பின்னால் பூச்சு கன்னங்கரேலென்று, கை வைத்தால் கூழாக உதிர்ந்தது. தரையிலிருந்து வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் டைல்ஸுக்குப் பின்னால் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. "மேல கிளேஸ் போட்டுட்டு அடிய பாக்காம உட்டுட்டேன் சார். பட்டறையில ஒருத்தன் இப்படிப் பண்ணினா நானே திட்டுவேன்" என்றார். செங்கல் தெரியும்வரை சுரண்டினார். ஜன்னல் கதவுகளைக் கழற்றிக் கொண்டுபோனார், கம்பி மட்டும் நின்றது. நாற்காலிகளை வாசலுக்குத் தள்ளிவிட்டு, கட்டிலைக் கூடத்தில் போட்டோம். அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. சேலை வேண்டுமென்றால் நான்தான் எடுத்து வர வேண்டும்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து, வீட்டுக்காரர் புது மாதிரி டைல்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"காஞ்ச மாதிரிதான் சார் இருக்குது. செங்கல்லு தெரிஞ்சா வூட்டுக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க? ஒட்டிடலாமா?"

வீடு அவருடையது. வேண்டாம் என்றால் காலி பண்ணச் சொல்வாரோ என்று பயந்தேன். இந்த வயதில் இன்னொரு வீடு தேடி அலைய முடியாது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் கட்டிலிலிருந்து எழுந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, அறைக்குள் போனாள். சுவரின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு மெல்லக் குனிந்து, அடிவரிசைச் செங்கல்லில் வைத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"அடியில இன்னும் சில்லுன்னுதான் இருக்குது. மூடாதீங்க."

அவரும் டைல்ஸைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து தொட்டுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு டைல்ஸை எடுத்துக்கொண்டார்.

"சரிங்கம்மா. சித்திரையில பாத்துக்கலாம்."

"சித்திரையிலயும் நான் தொட்டுப் பாத்து சொல்றேன், அப்புறம் வாங்க" என்றாள் அவள்.