ஜெர்மனிச் சட்டமும் தங்கச்சியின்ர ஸ்பிரேயும்

...கள்ளன் ஓடியிட்டான் பிள்ளை, பொலிஸ் கொண்டு போனது என்ர தங்கச்சியை! ஓம், உண்மையாத்தான். நீர் லீவில போயிருந்தபடியால் உமக்கு ஒண்டும் தெரியாது. வேலிக்குக் கிட்ட வாரும், சத்தமாச் சொல்லேலாது.

தங்கச்சி இருபத்தாறு வருசம் ஜெர்மனியில இருந்தவள். இப்ப இஞ்ச லண்டனில, செவன் கிங்ஸ்ல இருக்கிறாள், பள்ளிக்கூடமொண்டில சமையலறை வேலை. ஆனால் வாயைத் திறந்தால் ஜெர்மனிதான். இஞ்சத்தைப் பாண், ரொட்டியெல்லாம் பஞ்சு மாதிரியாம், பஸ் நேரத்துக்கு வராதாம். ஒருநாள் என்ர குப்பைத் தொட்டிக்குள்ள கையை விட்டு, பால் போத்தல் மூடியை எடுத்துக் காட்டினவள், பிழையான தொட்டியில போட்டிட்டனாம். அதை விடும்.

அவளின்ர கைப்பைக்குள்ள எப்பவும் ஒரு சின்ன ஸ்பிரே இருக்கும். நாய் கடிக்க வந்தால் மூஞ்சியில அடிக்கிறது, மிளகாய்க் காரம். அங்க ஷாம்பு விக்கிற கடையிலயே வாங்கலாமாம். நாய்க்கெண்டுதான் எழுதியிருக்கும், எங்கட பொம்பிளையள் தாலிக்கொடிக்குக் காவலா வைச்சிருக்கிறவை.

அண்டைக்குக் கோயில்ல பூசை முடிஞ்சு நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிண்டனாங்கள். சைக்கிள்ல வந்த ஒருத்தன் அவளின்ர கொடியில கையை வைச்சிட்டான். அடிச்சாளே ஒரு அடி, நேரா முகத்தில! அவன் சைக்கிளையும் போட்டிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டம். கொடி தப்பிச்சுது. பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். இவள் தானே போனை எடுத்துப் பொலிசைக் கூப்பிட்டவள்.

வந்தது ஒரு பொம்பிளைப் பொலிஸ். எதால அடிச்சனீங்கள் எண்டு கேட்டா. தங்கச்சி ஸ்பிரேயை எடுத்து நீட்டி, "இஞ்ச பாருங்கோ, ஜெர்மனிச் சாமான், திகதியும் முடியேல்லை" எண்டாள். அந்தப் பொலிசின்ர முகம் மாறிப்போச்சு. கையுறை போட்டு அதை ஒரு பைக்குள்ள வைச்சா. இந்த நாட்டுச் சட்டத்தில அது துவக்கு, துப்பாக்கியோட சேர்த்தியாம்!

"அக்கா, நாய்க்கு அடிக்கிறது எப்பிடித் துவக்காகும்?" எண்டு தங்கச்சி என்னைக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் சட்டமே படிச்சனான்? போய் வண்டியில ஏறு."

இரவு விசாரிச்சிட்டு விட்டிட்டினம், முடிவைக் கடிதத்தில அறிவிப்பினமாம். குற்றப் பதிவு விழுந்தால் பள்ளிக்கூட வேலை போயிடும், பிள்ளையளுக்குக் கிட்ட விடமாட்டினம். அதுதான் அவளுக்குப் பயம். எங்கட கோயிலுக்கு வாற லோயர் பிள்ளையிட்டப் போனம்.

"அன்ரி, கையில இருந்த குடையால அடிச்சிருந்தால் ஒரு கதையும் இல்லை. அது மழைக்குக் கொண்டு போனது. அடிக்கிறதுக்கெண்டே கொண்டு போறதுதான் பிழை."

"அப்ப மிளகாய்த்தூள்?" எண்டு தங்கச்சி கேட்டாள்.

"கறிக்கு வாங்கிக்கொண்டு போனால் சரி. எறியக் கொண்டு போனால் அதுவும் பிழை."

வீட்டுக்குள்ள வந்த கள்ளனெண்டால் முந்தியைவிட இப்ப சட்டம் கொஞ்சம் இளக்கமாம். பயத்தில கொஞ்சம் கூட அடிச்சிட்டாலும் யோசிச்சுப் பாப்பினமாம். "அப்ப இனிக் கள்ளனை வீட்டுக்குக் கூப்பிட்டுத்தான் அடிக்கோணும்" எண்டன். லோயர் சிரிச்சா. தங்கச்சி சிரிக்கேல்லை.

பிறகு ஆறு கிழமையா ஒரு செய்தியும் இல்லை. அவள் பாணைப் பற்றிக்கூட ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை, இருந்ததைத் திண்டாள். அப்பதான் எனக்கும் கவலை வந்தது.

இண்டைக்குக் காலமை அவளுக்குக் கடிதம் வந்திட்டுது. படமெடுத்து அனுப்பினவள், என்ர பேத்திதான் வாசிச்சுச் சொன்னது: "அம்மம்மா, கேஸ் ஒண்டும் இல்லை, வேலைக்கும் பிரச்சினை இல்லை. ஸ்பிரே மட்டும் திருப்பித் தரமாட்டினமாம்." உடனே அவளுக்குப் போன் போட்டன். அழுவாள் எண்டு நினைச்சன். எங்க!

"அதென்னெண்டு தராமல் விடுவினம்? ஜெர்மனியில எண்டால் ரசீதோட தருவினம். எழுதிக் கேக்கப் போறன்!"

"நீ எழுதவும் வேண்டாம், கேக்கவும் வேண்டாம். வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிட வா" எண்டன்.

இப்ப பஸ்ஸில வாறாள். நான் பாரும், கணவாய் மீனைச் சட்டியில ஊறவிட்டிட்டு இஞ்ச நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறன், இன்னும் தோல்கூட உரிக்கேல்லை. வாறன் பிள்ளை.