வாயால் சொல்லாத கடவுச்சொல்

மலாக்காவில், கிளேபாங் பகுதியிலிருந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் அவருடைய கணவரின் முதல் வருஷத் திதி. பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். அப்பாவின் குரலைக் கேட்க வேண்டுமாம்.

அந்தக் குரல் நான் காஜா பேராங்கில் என் வீட்டிலிருந்து நடத்திய இணையதளத்தில் இருந்தது. சுதந்திரம் வந்த காலத்து மலாக்காவைப் பற்றிப் பெரியவர்கள் பேசிய பதிவுகள் அவை. குடும்பத்தார் மட்டும் கேட்கட்டும் என்று ஒவ்வொன்றையும் அந்தந்தக் குடும்பத்தார் வைத்த கடவுச்சொல்லாலேயே பூட்டியிருந்தேன். அது இல்லாமல் என்னாலும் திறக்க முடியாது. பெரிய புத்திசாலி நான்!

கடவுச்சொல்லைக் கணினி அப்படியே வைத்துக்கொள்ளாது. அரைத்து மாவாக்கி வைத்துக்கொள்ளும்; பிறகு அடிப்பதையும் அரைத்து, மாவோடு மாவைத்தான் ஒப்பிடும். முந்தின வாரம் தளத்தின் நிரல்மொழியைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களைக் கேட்டேன், அவர்களுக்கெல்லாம் திறந்தது. இவருக்கு மட்டும்தான் சிக்கல்.

அம்மா ஒற்றை விரலால் தட்டினார். திரையில் வெறும் புள்ளிகள். 'கடவுச்சொல் தவறு' என்று வந்தது. மறுபடியும் தட்டினார். அதேதான்.

"என்ன போடுறீங்கம்மா? சொல்லுங்க, நான் அடிச்சுப் பாக்குறேன்."

"அத வாயால சொல்லக்கூடாது தம்பி."

"ரகசியம்னா அப்புறம் வேற மாத்திக்கலாம்மா."

"ரகசியமெல்லாம் இல்ல லா. சொன்னதே இல்ல."

ஏதோ எழுத்தை மாற்றித்தான் அடிக்கிறார் என்று நினைத்தேன். கெஞ்சினேன். கடைசியில் பொறுமை போய், "நாளைக்குப் பிள்ளைங்க கேக்கணுமா வேணாமா?" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் எழுந்தார். மாலை போட்ட படத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, கணவரின் பெயரைச் சொன்னார். தாலி ஏறிய நாள்முதல் 'அவங்க' என்று மட்டுமே சொல்லிவந்தவர். பிறகு நான் கேட்கக் கேட்க, அதை ஆங்கில எழுத்துகளாகக் கூட்டியும் சொன்னார்.

அப்படியே அடித்தேன். தவறு.

அப்போதுதான் உறைத்தது. அவர் முதலிலிருந்தே சரியாகத்தான் அடித்திருக்கிறார். புதிய பதிப்பு அரைக்கும் விதமே வேறு. பழைய மாவோடு அது ஒருநாளும் ஒத்துப்போகாது. பழைய உறுப்பினர் யார் வந்தாலும் இதே கதிதான். தளத்துக்கு இடம் கொடுத்த சர்வர்காரர்கள் பழைய பதிப்பையே எடுத்துவிட்டார்கள். அதைத் தேடிப் பிடித்து வேறெங்காவது நிறுவி, இந்தப் பூட்டைத் திறக்க நாளைக் காலைக்குள் முடியவே முடியாது. எனக்கு அழுகை வந்தது.

அவர் இன்னும் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"தொறந்திருச்சா தம்பி?"

"இல்லம்மா."

முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். பிறகு, "அப்ப சும்மாதான் சொல்லிட்டேனா?" என்றார்.