மூன்று நட்சத்திரமும் ஒரு சிட்டும்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யார் பெரியவர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய தொரை சொன்னால் சின்ன தொரை கேட்பார், சின்ன தொரை சொன்னால் கண்டாக்கு, கண்டாக்கு சொன்னால் கங்காணி, கங்காணி சொன்னால் நாங்கள். இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டுதான் அன்று ராணுவத்தையும் எடைபோட்டோம்.

ராகலைக்குப் போகும் பாதையை மண்சரிவு மூடி இரண்டாம் நாள். காலையிலேயே என் தங்கைக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி சரிவுக்கு அந்தப் பக்கம். முதல் நாள் உதவிக்கு வந்த ராணுவத்தார் இருபது பேரும், மறுபடி மண் இறங்கியதில், எங்களோடு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அதிகாரிகள் இருவர். ஒருவர் லெப்டினன்ட், சின்ன வயது, தோளில் இரண்டு நட்சத்திரம். மற்றவர் மருத்துவர், பெண், கேப்டன், மூன்று நட்சத்திரம். லெப்டினன்ட் அந்தம்மாவுக்கு சல்யூட் அடித்ததை லயத்துச் சனம் முழுக்கப் பார்த்தது.

மருத்துவர் தங்கையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அறுவை செய்யாமல் முடியாது என்றார். லெப்டினன்டிடம் போய்ச் சொன்னார். மண் இன்னும் இறங்குகிறது, மண் அள்ளும் பெக்கோ வரும்வரை யாரையும் கடக்க விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். மருத்துவர் திரும்பி வந்துவிட்டார்.

"டீச்சர், அந்தம்மாகிட்டயே கேளுங்க" என்றார் தோட்டத்துச் சங்கத் தலைவர். "மூணு நட்சத்திரம் போட்டிருக்காங்க. அந்தத் தம்பிக்கு ரெண்டுதான். அவங்க ஒரு சத்தம் போட்டா தூக்கிட்டுப் போயிருவாங்க."

சிங்களம் பேசத் தெரிந்தவள் நான்தான். கேட்டேன். நான் மருத்துவப் பிரிவு, அந்த ஆட்கள் என் ஆட்கள் இல்லை, அவர்களுக்கு நான் உத்தரவு போட முடியாது என்றார். நாங்கள் நம்பவில்லை. கழன்றுகொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தோம். தலைவர் கும்பிட்டார், தங்கையின் மாமியார் அவர் காலில் விழுந்தார். இப்படியே முக்கால் மணி நேரம் போனது. உள்ளே தங்கை கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். "அப்போ இந்த நட்சத்திரமெல்லாம் அலங்காரத்துக்கா?" என்று சிங்களத்தில் கேட்டேவிட்டேன். "எங்கள் தோட்டத்து டாக்டர் ஐயாவுக்கு ஒரு நட்சத்திரமும் கிடையாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஒருத்தரையும் வேலைக்கு அனுப்பவும் முடியாது. ஆனால் இவளுக்கு முடியாது என்று ஒரு துண்டுச் சிட்டு எழுதிக் கொடுத்தால் கண்டாக்கு வாயைத் திறக்கமாட்டார்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினார். இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை நடக்காவிட்டால் இரண்டு உயிரும் போகும், இது என் மருத்துவ முடிவு. கடப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கீழே கையெழுத்து, நேரம். அதற்கும் கீழே லெப்டினன்ட் கையெழுத்து வைக்க ஒரு கோடு.

லெப்டினன்ட் அதை இரண்டு தரம் படித்தார். சரிவை அண்ணாந்து பார்த்தார். மருத்துவரின் பேனாவாலேயே கையெழுத்து வைத்து, பேனாவைப் பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்துவிட்டு, எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் கயிறு கொண்டுவரச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சர் சேற்றில் இறங்கியது. மருத்துவர் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடந்தார், பின்னால் தலைவரும் நாங்கள் சிலரும். நடுவழியில் மேலேயிருந்து கல் உருண்டது. லெப்டினன்ட் நில் என்றார். எல்லோரோடும் மூன்று நட்சத்திரமும் நின்றது. போ என்றார், போனது. அதைப் பார்த்த பிறகுதான், உத்தரவு போட முடியாது என்று மருத்துவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு உறைத்தது.

தங்கையும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அவனுக்கு இப்போது மூன்று வயது.

அன்று அந்தப் பக்கம் போய்த் தங்கையை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் எல்லோரும் லெப்டினன்டைச் சூழ்ந்துகொண்டார்கள். தலைவர் அவர் கையைப் பிடித்து அழுதார். "தம்பி, நீங்க நல்லா இருக்கணும்." அதை நான் சிங்களத்தில் சொன்னேன், என் பங்குக்கும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். மருத்துவர் முழங்கால்வரை சேறோடு ஆம்புலன்ஸில் ஏறப் போனவர், திரும்பி என்னிடம் வந்து பேனாவைக் கேட்டார்.

கொடுத்தேன். அப்போதும் அவருக்கு ஒரு நன்றி சொல்ல எனக்குத் தோன்றவில்லை.