ஹில்டாவின் அக்கா ஆடிய படம்

போன வாரம் கராஜைச் சுத்தம் செய்தபோது என் மகள் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த வி.சி.ஆரை ஒரு கையால் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அம்மா, ஒய் இஸ் இட் ஸோ ஹெவி?" என்றாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு வாசனை அடித்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அடித்திருக்க முடியாது, என் மூக்கு இப்படித்தான் அவ்வப்போது பொய் சொல்லும்.

உங்களுக்கு அந்த மல்டி சிஸ்டம் வி.சி.ஆரைப் பற்றிச் சொன்னேனா? இந்தியாவில் எடுத்த கல்யாணக் கேசட் அமெரிக்க வி.சி.ஆரில் ஓடாது. போட்டால் மாப்பிள்ளை, பெண், புரோகிதர் எல்லாரும் கோடு கோடாக மேலே ஏறிப் போவார்கள். அதனால் கல்யாணமாகி இங்கே வருகிற ஒவ்வொரு ஜோடியும் சோபா வாங்குவதற்கு முன்னால் இரண்டு வகையும் ஓடுகிற மெஷின் ஒன்றைத் தேடி வாங்கும். தொண்ணூறுகளின் நடுவில், பிளெய்ன்ஸ்பரோவில் இரண்டாவது மாடி அபார்ட்மென்டில் நாங்களும் வாங்கினோம். எனக்கு டிபென்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. இவர் காலையில் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டால் சாயங்காலம் வரை எனக்குத் துணை அந்த மெஷின்தான்.

அதற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று தொண்டையைச் செருமும், அடுத்த நொடி டேப்பைத் தின்றுவிடும். மளிகைக் கடையில் வாடகைக்கு எடுத்த படத்தை ஒருமுறை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். கடை அங்கிள் கேசட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நூடுல்ஸ் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கே?" என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். அந்தக் கடைப் பக்கமே ஒரு மாதம் நான் தலைகாட்டவில்லை.

எங்களுக்குக் கீழே ஹில்டா என்று ஒரு ஜெர்மன்காரக் கிழவி தனியாக இருந்தாள். நான் மிக்ஸி போட்டால் போதும், துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள். எங்களுக்குள் அவள் பெயர் துடைப்பக்கட்டை மாமி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளே மேலே ஏறி வந்து கதவைத் தட்டியபோது இவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"போச்சு. கம்ப்ளெயின்ட் பண்ணத்தான் வந்திருக்கா. காலங்காத்தால கிரைண்டர் போடாதேன்னு சொன்னேன்ல?"

நான்தான் திறந்தேன். கையில் சமையலறைத் துண்டில் சுற்றிய ஒரு பொருளை வைத்துக்கொண்டு நின்றாள். வி.சி.ஆர். ரிப்பேர் கடைக்காரன் சொன்னானாம், ஜெர்மனி கேசட் இங்கே ஓடாது, எந்த இந்தியன் வீட்டில் கேட்டாலும் ஓடுகிற மெஷின் இருக்கும் என்று. கேசட்டைக் கடையில் விட்டுவிட்டுப் போனால் மாற்றித் தருவதாகவும் சொன்னானாம். விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

துண்டைப் பிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். பழைய ஜெர்மன் படம், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வந்தது. மேடையில் பாட்டும் வசனமும் சிரிப்புமாக நடத்திய நாடகத்தை அப்படியே படமாக்கியது. நம் நாடகக் கம்பெனிப் படங்கள் மாதிரிதான் என்று வையுங்கள். அதில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருத்தி அவளுடைய அக்கா லோட்டே. யுத்தத்தில் குண்டு விழுந்து வீடும் போனது, அக்காவும் போனாள். ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அந்த ஊர் டெலிவிஷனில் எப்போதோ ஒருமுறை படத்தைக் காட்டியபோது ஒன்றுவிட்ட தம்பி பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். அவரும் இப்போது இல்லை.

இவர் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "நம்ம மெஷின் லட்சணம் தெரியும்ல? தின்னுடுச்சுன்னா?"

"உள்ளதைச் சொல்லிடுங்க. அப்புறம் அவங்க இஷ்டம்."

சொன்னார். ஹில்டா கேசட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். டிராயரில் பத்திரமாக இருந்தும் இத்தனை நாள் பார்க்க முடியவில்லையே என்று சொல்லிவிட்டு அவரிடம் நீட்டினாள். இவர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை துடைத்தார்.

படம் ஓடியது. பிரபு ஒருவர் வெயிட்டர் வேஷத்தில் ஹோட்டலுக்கு வருகிறார், பணக்காரப் பெண் வேலைக்காரி வேஷத்தில் வருகிறாள். இருவரும் மாறி மாறிப் பொய் சொல்லிப் பாடுகிறார்கள். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று எங்கள் காதெல்லாம் மெஷினில்தான். இவர் அதன் முன்னால் மண்டி போட்டு, ஸ்டாப் பட்டனில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ கார் கதவை அறைந்து சாத்தியதற்குக்கூட மூன்று பேரும் திடுக்கிட்டோம்.

பெரிய மாடிப்படி வந்தது. படி நிறைய வெள்ளை விக் வைத்த பெண்கள். ஹில்டா சோபாவின் நுனிக்கு வந்தாள். பெண்கள் ஆடினார்கள், கையைத் தூக்கினார்கள், போய்விட்டார்கள். அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பின்னால் ஓட்டி மறுபடி போட்டோம். 

பிறகு மெல்ல என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்" என்றாள். அந்த விக்குகளைத் தைத்தவனை நான் மனதுக்குள் வாயில் வந்தபடி திட்டினேன். இவ்வளவு தூரம் வந்து, சொந்த அக்காவை அடையாளம் தெரியாமல் இந்தக் கிழவி திரும்பிப் போவதா?

கல்யாணக் கேசட் பார்த்தே வளர்ந்தவள் நான். பந்தியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது எந்தச் சித்தப்பா என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வோம். முகத்தைத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார், ஆளுக்கென்று இருக்கிற வழக்கத்தைத் தேட வேண்டும். ஹில்டாவிடம் கேட்டேன், உங்கள் அக்காவிடம் தனியாக ஏதாவது பழக்கம் உண்டா?

யோசித்தாள். சமையலறையில் அக்கா ஒத்திகை பார்க்கும்போது அம்மா கைதட்டித் தாளம் போடுவாளாம். அக்கா எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் கையைத் தூக்குவாள். அம்மா திட்டினால், முதலில் பாட்டைக் கேட்க வேண்டாமா என்பாளாம்.

"இன்னும் ஒரே ஒரு தடவைங்க," என்றேன்.

"வேணாம். சத்தம் மாறுது, கேக்கலையா?"

"ஒரே தடவை."

போட்டார். முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தோம். மொத்த வரிசையும் ஒன்றாகக் கை தூக்கியது. மேல்படியில், ஓரத்திலிருந்து இரண்டாவது பெண்ணின் கை அரைத் தாளம் கழித்து எழுந்தது.

"லோட்டே," என்றாள் ஹில்டா. அடுத்த நிமிஷமே, "அகெய்ன்" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? பின்னால் ஓட்டினார். மெஷின் செருமியது. அவர் விரல் அழுத்துவதற்குள் கரகரவென்று சத்தம் வந்து திரை நீலமாகிவிட்டது.

ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றினார். உள்ளே டேப் சுருண்டு சிக்கியிருந்தது. ஹில்டா டார்ச்சைப் பிடித்தாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, அவள் வெளிச்சத்தை டேப்பிலிருந்து விலக்கவில்லை. கசங்கிப்போன ஒரு சாண் அளவை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை செல்லோடேப்பால் ஒட்டி, வேர்க்க விறுவிறுக்க மறுபடி போட்டார். ஓடியது. படியில் பெண்கள் நின்றார்கள். ஒரு வெட்டு. வெயிட்டர் பிரபு சமையலறையில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைகள் எழுந்த இடம் மொத்தமும் போய்விட்டது.

இவர் வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஹில்டா அவர் தோளில் தட்டி, "பார்த்துவிட்டேனே" என்றாள்.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் கேசட்டோடு மேலே வந்தாள். பயந்து பயந்துதான் போடுவோம். படி வரும், பெண்கள் நிற்பார்கள், படம் வெட்டுகிற அந்த இடத்தில் எங்கள் சோபாவில் உட்கார்ந்தபடி ஹில்டா தன் கையைத் தூக்குவாள். அரைத் தாளம் பிந்தித்தான் தூக்குவாள். அப்புறம் டீயை எடுத்துக் குடிப்பாள்.

நாங்கள் வீடு வாங்கிப் போனோம், அவள் தன் மகன் வீட்டோடு போய்விட்டாள், கேசட்டும் அவளோடு போனது. படத்தின் பெயர் ஜெர்மனில் எழுதியிருந்தது, எங்கள் வாயில் நுழைந்ததில்லை, வேறு பிரதி தேடவும் வழியில்லை. சில வருஷத்தில் மகன் போன் செய்து அம்மா இறந்ததைச் சொன்னார். லோட்டே கை தூக்கியதைப் பார்த்தவர்கள் இனி நாங்கள் இரண்டு பேர்தான். வலது கை என்கிறேன் நான். இல்லவே இல்லை, இடது கை என்கிறார் இவர். சண்டை போடுகிறோம், தீர்த்துச் சொல்ல யாரும் இல்லை.