அப்பீல் போட்டது அவர், அலைந்தது நாங்கள்

ஊரெல்லாம் "மறந்துரு, மறந்துரு" என்று சொல்லும் ஒரு விஷயத்தை, கேஸ் முடியும்வரை மறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில். "ஆதரவு நபர்" என்று அதற்குப் பெயர். பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர்கள் மீதான போக்சோ வழக்குகளில், பிள்ளைக்கும் வீட்டாருக்கும் துணையாகப் போய்வர அமர்த்தப்படும் ஆள். வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை. கோர்ட் வராந்தாவில் கால்கடுக்க நின்று, "இன்னைக்கு இல்லம்மா, வாய்தா" என்று கேட்டுத் திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

இது ஒரு பிள்ளையின் கதை. பெயரைச் சொன்னால் சட்டம் என்னையே பிடிக்கும்; பாப்பா என்று வைத்துக்கொள்வோம். குற்றாலத்தில் அவர்கள் தெருவிலேயே டியூஷன் எடுத்தவர்தான் குற்றவாளி. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது பாப்பா சொன்ன சாட்சியத்தில் அவருக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். விட்ட மூச்சை இழுப்பதற்குள் மனிதர் மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டார்.

ஏட்டையாவின் துண்டு

அப்பீலோடு, "அது முடியும்வரை என்னை வெளியே விடுங்கள்" என்று ஒரு மனுவும் போட்டிருந்தார். அதைப் பிள்ளை வீட்டாருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர்களோ அவருடைய சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் கீழப்பாவூருக்குக் குடிபோயிருந்தார்கள். அந்த வாசலில் காக்கி உடுப்போடு, புல்லட் சத்தத்தோடு வந்து இறங்கினார் இந்தக் கேஸைப் பார்க்கும் ஸ்டேஷன் ஏட்டையா. தெருவே கூடிவிட்டது. "பைப் தகராறு" என்று சொல்லி பாப்பாவின் அம்மா சமாளித்தாள். எனக்கு வந்ததே கோபம்! ஸ்டேஷனுக்கே போய், "பிள்ளைகிட்ட வாக்குமூலம் வாங்கவே உடுப்போட போகக்கூடாதுன்னு சட்டத்திலேயே இருக்கே, படிக்கலையா?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

மனு தள்ளுபடியான தகவலைச் சொல்ல அடுத்த முறை வந்தார் பாருங்கள். குற்றால சீசன் நேரம். கைலி, தோளில் ஈரத் துண்டு, தலையில் வழிய வழிய எண்ணெய். அருவிக்குப் போகிற ஆள் பஸ் மாறி கீழப்பாவூரில் இறங்கியதுபோல் நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "மேடம், எங்க வீட்டுக்காரியே யாருன்னு கேட்டுட்டா. இதுக்கு மேல மறைஞ்சு வரணும்னா பொம்பளை வேஷந்தான் கட்டணும்."

சமாதானம் பேச வந்த அண்ணாச்சி

அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் பாப்பா பிளஸ் டூ வந்துவிட்டாள். அவளுக்குக் குற்றாலம் காலேஜில் சேர ஆசை. ஆனால் காலேஜ் பஸ் நிற்பது அந்த ஆசாமியின் தெருமுனையில். அவர் விடுதலையானால் அங்கேதான் வந்து நிற்பார். "தீர்ப்பு வரட்டும், பெறவு அப்ளிகேஷன் போடுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்து அவருடைய உறவுக்கார அண்ணாச்சி ஒருவர் வந்தார். "அவனும் இத்தனை வருஷம் உள்ள கெடந்துட்டான். பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் ஆவணும்லா? மதுரையில வந்து அவன விடுததுல ஆட்சேபனை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு தாயி." பாப்பாவின் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த தட்டை இறக்கவும் இல்லை, கையை நிறுத்தவும் இல்லை. "அண்ணாச்சி, கேஸ நடத்துதது கவர்மெண்டு. சமாதானம் பேசணும்னா கலெக்டர் ஆபீஸுக்குப் போங்க. போவும்போது உங்க ஆளு என்ன செஞ்சாருன்னு இந்தத் தெருவுல நின்னு சத்தமா சொல்லிட்டுப் போங்க."

ரயிலில் ஒப்பித்த பாடம்

விசாரணை நாளில் அம்மா மட்டும் வந்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தென்காசி ஸ்டேஷனில் பார்த்தால் பாப்பாவும் நிற்கிறாள். புதுக் கோர்ட், திரும்பவும் கூண்டில் ஏற்றுவார்கள் என்று ஒரு வாரமாக அம்மா அவளைப் பழைய பதில்களை ஒப்பிக்க வைத்திருக்கிறாள். மறக்க வேண்டியதைப் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது! பாப்பாவின் கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது.

"அப்பீலில் உன்னைக் கூப்பிடவே மாட்டாங்க. நீ அன்னைக்குச் சொன்னதை வச்சு வக்கீல்கள்தான் பேசுவாங்க" என்றேன். சங்கரன்கோவில் தாண்டுமுன் பாப்பா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பிள்ள பேசாம எப்படிக்கா ஜெயிக்கும்? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிர மாட்டாவளா?"

ஆண்டு விழா

அம்மாவையும் மகளையும் வெளியே உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். அவர் தரப்பு வக்கீல் கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் அதே வாரத்தில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளை மேடையேறி ஆடியிருக்கிறதாம். உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குழந்தை அப்படி ஆடுமா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்திவிடுவேனோ என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தப்பு செஞ்சதா தண்டனை வாங்கினது உங்க கட்சிக்காரர். ஆட்டத்தை அந்தப் பிள்ளை எதுக்கு நிறுத்தணும், வக்கீல் சார்?"

தீர்ப்பு

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பிள்ளையின் சாட்சியம் ஒன்றே போதும், அது நம்பும்படி இருக்கிறது, தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையாது. ஆட்டோவை விரட்டிக்கொண்டு கீழப்பாவூருக்குப் போனேன். அம்மா ஓவென்று அழுதாள். போனில் ஏட்டையா, "இனிமே நான் உடுப்போட வரலாமா மேடம்?" என்றார்.

பாப்பா அழவில்லை. விசாரணை அன்று கோர்ட்டுக்கு வெளியே வந்து நான் அவளிடம் சொன்ன நீதிபதியின் கேள்வியை அவள் மறக்கவே இல்லை போலிருக்கிறது. அம்மாவின் போனை எடுத்து காலேஜ் அப்ளிகேஷனைத் திறந்தாள். "குற்றாலத்துக்கே போடுதேன் பெரியம்மா. அங்கன ஆண்டு விழாவுல ஆட்டம் உண்டும்லா?"

அப்பீல் போடும் உரிமையை அவருக்கு முழுசாகக் கொடுத்த சட்டம், தோற்கும் உரிமையிலும் அவருக்கு ஒரு குறை வைக்கவில்லை.